ஏழாம் பகுதி

ஞாயிறு பூசைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் இன்னாசியம்மாள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பேர்போன ஒரு விண்வெளித் தொடரிலிருந்து கிளைத்த புதுத் தொடர் தமிழில் ஓடுகிறது. ஆறு பகுதிகளாக ஒரு கப்பல் இருட்டில் போய்க்கொண்டே இருந்தது. கிராபிக்ஸ் செய்தவர்களில் மகள் பொற்கொடியும் ஒருத்தி; அவள் வேலை ஏழாம் பகுதியில்தான் வருகிறதாம். "நேரா அதுக்கே ஓட்டி விடேன்" என்று முதல் நாளே கேட்டார் புருஷன் பீட்டர். "பூசைக்கே பாதியில வர்ற ஆளு நீங்க. நான் மொதல்லேருந்துதான் பாப்பேன்" என்று மடியில் வைத்துக்கொண்ட ரிமோட்டை அவள் இன்னும் தரவில்லை. இப்போது ஏழாம் பகுதி. கப்பலில் இருப்பவர்கள் சன்னலில் முகம் பதித்து நிற்கிறார்கள். அவளும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். மேகம் விலகுகிறது. கீழே சிவந்த பாறைவெளி விரிய, வீட்டுச் சுவரெல்லாம் அந்தச் சிவப்பு ஏறுகிறது.

"ஏங்க, நம்ம மொளகா காயப்போடுற பாறைங்க!"

போன கிறிஸ்துமஸ் லீவில் பொற்கொடி கேமராவோடு அங்குலம் அங்குலமாக ஊர்ந்து படமெடுத்த பாறை. நிறம்தான் வேறு, வெடிப்பும் குழியும் அப்படியே இருக்கின்றன. கப்பல் தரை தொட, கதாநாயகி ஏணியிலிருந்து இறங்கக் காலைத் தூக்குகிறாள். "இங்கிட்டு வை தாயி, அங்கிட்டுக் குழி கெடக்கு" என்று இன்னாசியம்மாள் கை நீட்டுகிறாள். பீட்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவையே கூப்பிட வாசலுக்கு ஓடுகிறார்.

"எல்லாரையும் வரச் சொல்லுங்க. ஆனா மொதப் பகுதியிலேருந்துதான் போடுவேன்!"