எடுத்துப்போட்ட நாலு படம்

கம்ப்யூட்டர் திரையில் கல்யாணப் பெண்ணின் முகம் நீலமாக இருந்தது. நெற்றிக் குங்குமம் அதைவிட நீலம். தொட்டிலில் கிடந்த வயதில் எடுத்த படத்தில்கூட நீலக் குழந்தைதான்.

"ஏனம்மணி, இது சாமியாத்தா மகளா, கோகுலத்துக் கொழந்தையா?" என்றார் ஸ்டூடியோ முதலாளி சசிதர்.

ஃபர்சானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வீட்டின் பழைய போட்டோக்களை எல்லாம் சசிதர் ஸ்கேன் செய்து தர, அவள் எழுதிய புரோகிராம் ஒவ்வொன்றையும் நாலு நொடி காட்ட, அதை வீடியோ கேசட்டில் பதிவு செய்ய வேண்டும். தொண்ணூற்றாறில் ஆர்.எஸ்.புரத்துக்கே அது புதுசு. ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் டி.வி. வைத்து ஊரே பார்க்கப் போகிறது.

நீலத்தின் கதை மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் எழுதி வைத்திருந்தது ஸ்கேனர். இவள் புரோகிராம் சிவப்பு, பச்சை, நீலம் என்று படித்துக்கொண்டிருந்தது. வரிசையைத் திருப்பிப் போட்டதும் குங்குமம் குங்குமமானது. பெண்ணுக்கும் ரத்த ஓட்டம் வந்தது.

இருட்டுதான் போகவில்லை. நாற்பத்திரண்டு படத்துக்கு நடுவே நாலு இடத்தில் திரை கறுத்துப்போகும். நாலு நொடி கும்மிருட்டு. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த படம் வரும்.

மெமரி போதவில்லையோ என்று பார்த்தாள். படங்களைச் சின்னதாக்கிப் பார்த்தாள். மிஷினை அணைத்துப் போட்டும் பார்த்தாள். ஏழு, பதினைந்து, இருபத்திரண்டு, முப்பத்தெட்டு. எப்போதும் அதே நாலு இடம். கெட்டுப்போன மிஷின் இவ்வளவு ஒழுங்காகக் கெடுமா என்று அவளுக்கு ஒரே குறுகுறுப்பு.

கடைசியில் டிஸ்க்கில் தேடினாள். அந்த நாலு நம்பரில் படமே இல்லை. அவள் புரோகிராம் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் திரையைத் துடைத்துக் கறுப்பாக்கும். படம் கிடைக்காவிட்டால் கறுப்பாகவே நிற்கும்.

சசிதரிடம் கேட்டாள். அட, அதுவா, நான்தான் ஸ்கேன் செய்யவில்லை என்றார் அவர். போட்டோக்களுக்கு நம்பர் போட்டு முடித்த பிறகு, கிளம்பும்போது பெண்ணின் அம்மா சாமியாத்தாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாளாம்: "எங்கண்ணன் படம் நாலையும் மறக்காம எடுத்துப்போடுங்க."

கிணற்றுப் பங்குத் தகராறில் அவளும் அண்ணன் அங்கப்பனும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவிநாசிப் பக்கம் பத்து விசேஷத்துக்கு வீடியோ எடுத்த சசிதருக்கு அது தெரியாமல் இருக்குமா? நாலையும் உருவித் தனிக் கவரில் போட்டுவிட்டார்.

"இல்லாத நம்பரைத் தாண்டிப் போற மாதிரி ஒரு வரி எழுதிப்போடு அம்மணி. இருட்டு போயிரும்."

அரை நிமிஷ வேலைதான். ஆனால் ஃபர்சானா கவரைப் பிரித்துப் பார்த்தாள். முதல் படம் காதுகுத்து. பெரிய மீசைக்காரர் ஒருவர் அழுகிற குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். குழந்தையைவிட அவர் முகம்தான் அதிகம் அழுதது. இந்தத் தாய்மாமனை எடுத்தெறிந்துவிட்டு ஒரு கல்யாணமா? ஒரு கிணற்றுக்காக மனுஷி இப்படிக் கல்லாகிப் போவாளா?

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஒரு வரியை எழுதவில்லை. செய்த காரியத்தை அந்த அம்மாளே கண்ணால் பார்க்கட்டும் என்று இருட்டை அப்படியே விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை சாமியாத்தாள் படம் பார்க்க வந்தாள். கூட வந்த பெரியவர், மீசை மழித்தவர், வாசலோர நாற்காலியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

படம் ஓடியது. கலர் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்று சாமியாத்தாளுக்குப் பூரிப்பு. ஏழில் இருட்டு வந்தது. பொறுத்துக்கொண்டாள். பதினைந்தில் மறுபடியும் வந்தது.

"ஏனுங்க அம்மணி, கரண்டு போகுதுங்களா?"

ஃபர்சானா படத்தை அங்கேயே நிறுத்தினாள். "இல்லீங்க. நீங்க எடுத்துப்போடச் சொன்ன படமுங்க அது." குரலில் கொஞ்சம் காரம் இருந்தது.

சாமியாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எடுத்துப் போட்டா ஏனுங்க இருட்டா வருது?"

சசிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஃபர்சானாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த அம்மாள் நாலு படத்தையும் எடுத்து, கேசட்டில் போடச் சொல்லியிருக்கிறாள். இவர்கள் எடுத்ததோடு நிறுத்திவிட்டார்கள்.

வாசலோரம் உட்கார்ந்திருந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்கண்ணா," என்றாள் சாமியாத்தாள். பிறகு ஃபர்சானா பக்கம் திரும்பினாள். "ஆறு வருசம் கழிச்சு இவரு ஊட்டு வாசப்படி ஏறி, உங்க படம் நாலும் போடச் சொல்லியிருக்கேன், வந்து பாருங்கன்னு கையோட கூட்டியாந்தனுங்களே அம்மணி."

ஃபர்சானா மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தக் கவரை எடுத்து நீட்டினாள். தப்பு எங்களுடையதுதான், அரை மணி நேரம் இருங்கள், நாலும் வந்துவிடும் என்றாள்.

அங்கப்பன் கறுத்துக் கிடந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

"எடம் உட்டுத்தான் வெச்சிருக்கறீங்க. போடுங்க அம்மணி, பாத்துட்டே போறேன்."