நம்பர் கேட்காத ஆப்

"நம்பர் தெரியக் கூடாது பாய். அப்படி ஒரு ஆப் ஏத்திக் குடுங்க."

பூ மார்க்கெட்டில் சம்பங்கியைப் போட்டுவிட்டு, வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார் மொக்கைச்சாமி. எரியோடு பக்கத்து ஆள். வயது அறுபதுக்குக் குறையாது.

முகமது பாரூக் நிமிர்ந்து பார்த்தார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் கடை வைத்திருப்பவர். ஊரார் போனையெல்லாம் பிரித்து மாட்டுகிறவருக்கு ஆளை எடை போட அதிக நேரம் பிடிக்காது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"வாட்ஸ்அப் இருக்கே, போதாதா?"

"அதுல நம்பர் ஏறிருமே."

"வேற ஒண்ணு இருக்கு. நல்லாருக்கும். ஆனா சேரும்போது நம்பர் கேக்கும்."

"ஆகாது."

"இன்னொண்ணுல நம்பர் வேணாம். ஆனா ரெண்டு போனும் ஒரே நேரத்துல நெட்ல இருந்தாத்தான் மெசேஜ் போகும்."

"அவுகளுக்குத் தோதுப்படாது பாய். எந்நேரமும் போனும் கையுமா இருக்க முடியாது."

அந்த 'அவுக' பாரூக்கை உறுத்தியது. பக்கத்தில் போன் கவர் அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஷாஹினாவும் திரும்பிப் பார்த்தாள்.

"யாருகூட அய்யா பேசணும்?"

"வேண்டியவுகதான்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பள."

"என்ன வயசு இருக்கும்?"

"இருபத்தஞ்சு, இருபத்தாறு."

ஷாஹினா கணவன் காதருகே குனிந்தாள். "ஏங்க, அனுப்பி விடுங்க. நமக்கெதுக்கு இந்தப் பாவம்?"

பாரூக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீட்ல அம்மா இருக்காங்களா?"

"அவ போய்ச் சேந்துட்டா."

"உங்க போனை வேற யாரும் பாப்பாங்களா?"

"எங்க அண்ணன் மக்க பாப்பானுக. சாயங்காலமானா வாங்கி, ஒண்ணு விடாமத் தடவிப் பாத்துட்டுத்தான் குடுப்பானுக. அதுக்குத்தான் பூட்டும் வேணும்."

"பேரன் பேத்தி எடுக்குற வயசு அய்யா. இனிமே எதுக்கு இதெல்லாம்?"

மொக்கைச்சாமி கோபப்படவில்லை. சாக்கைக் கீழே வைத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கே வேணும் பாய். நாளைக்கு அவுகள ஆஸ்பத்திரியில சேக்குறாகளாம். மார்க்கெட்ல ஒருத்தர் சொன்னாரு. அதுக்குள்ள ஒரு வார்த்த பேசிறணும். அப்புறமும் தெனம் பேசணும்."

பாரூக்குக்கு ஒருபக்கம் எரிச்சலாகவும் ஒருபக்கம் பாவமாகவும் இருந்தது. போனை வாங்கி ஒரு ஆப்பை ஏற்றி, அதற்குப் பூட்டும் போட்டார்.

"இதுக்குத் தலைமை ஆபீஸுன்னு ஒண்ணு கிடையாது. நம்பர் வேணாம், மெயிலும் வேணாம். யார் யாரோ வச்சிருக்கிற கம்ப்யூட்டர் வழியாக் கைமாறிப் போகும். போற வழியில ஒருத்தரும் பிரிச்சுப் படிக்க முடியாது. ஆனா போன் தொலைஞ்சா எல்லாம் போச்சு. யாருகிட்டயும் போயி கேக்க முடியாது."

"தொலைக்க மாட்டேன்."

"உங்க பேரு என்ன போட?"

"சம்பங்கின்னு போடுங்க. அவுகளுக்குப் புரியும்."

ஷாஹினா ஒரு கவரை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

"இப்ப அவங்களுக்கு ஒரு லிங்க் அனுப்பணும். அதைத் தொட்டு அவங்களும் இந்த ஆப்பை ஏத்திக்கணும். உங்க போன்ல அவங்க நம்பரை எடுங்க."

"என் போன்ல அது வேணாம். உங்க போன்லருந்து அனுப்புங்க பாய். நான் சொல்றேன்."

பத்து இலக்கத்தையும் எங்கேயும் நிற்காமல் சொன்னார்.

"மனப்பாடம் வேற" என்று முணுமுணுத்தாள் ஷாஹினா.

பாரூக் அனுப்பினார். செத்த நேரம் ஒன்றுமில்லை. பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போன் மெல்ல அதிர்ந்தது.

"கண்ணாடி கொண்டாரல. என்னன்னு படிங்க பாய்."

பாரூக் வேண்டாவெறுப்பாக வாங்கிப் படித்தார். "'அப்பா, நீங்களா? நாளைக்குப் பிரசவத்துக்குச் சேரச் சொல்லிட்டாங்க. அம்மாவும் இல்ல. பயமா இருக்குப்பா. ஏதாச்சும்...'"

அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை.

"உங்க மகளா அய்யா?"

"ஆமா. மகள்னு வாயால சொல்லியே ரெண்டு வருசமாச்சு. சட்டுனு வர மாட்டேங்குது."

ஷாஹினா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பாரூக்குக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"நேரா போன் போட்டே பேசிருக்கலாமே?" என்றார் மெதுவாக.

"அவ வேற ஆளுகள்ல கட்டிக்கிட்டா பாய். பங்காளிக அம்புட்டுப் பேரும் குலசாமி கோயில்ல கூடி, சத்தியம் பண்ணச் சொன்னாக. அவ நம்பர் என் போன்ல ஏறாதுன்னு சூடத்த அடிச்சு அணைச்சேன். சாமி முன்னால குடுத்த வாக்கு. அத மீற முடியுமா?"

ஷாஹினாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"அவ்வளவு கோவமா இருந்தவங்க நம்பர் மட்டும் ஏறக் கூடாதுன்னா கேட்டாங்க? பேசவே கூடாதுன்னு கேக்கலையா?"

மொக்கைச்சாமி மகளின் வரிகளை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்:

"அப்படித்தான் தாயி கேட்டாக. சாகுற வரைக்கும் அவகூடப் பேச மாட்டேன்னு சொல்லச் சொன்னாக. நாந்தான் பயந்து போயி, நம்பருன்னு மாத்திச் சொல்லிட்டு வெரசா அணைச்சுட்டேன்."