கடைசிப் பெயர் ஓடும்வரை

ஞாயிறு மதியங்களில் மருந்துக்கடைக்காரர் வீட்டில் அவரும் டெய்லரும் டிரைவரும் கூடி, மகா மட்டமான பேய்ப்படமாகத் தேடிப் பார்ப்பார்கள். ஒரே சட்டம்தான்: கடைசியில் ஓடும் பெயர்களை ஒன்றுவிடாமல் உரக்கப் படித்துக் கைதட்ட வேண்டும்.

இன்றைய படத்தின் தலைப்பைப் பார்த்ததுமே, "வேற படம் போடலாமே" என்றார் டெய்லர். யாரும் கேட்கவில்லை.

திரையில் பேயின் டோப்பா ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தாழ்ப்பாள் போடாதே, நான் கதவு வழியா வர்றவ இல்லை!" என்றார் டிரைவர். அதற்குப் பிறகுதான் பேயே அதைச் சொன்னது.

டெய்லரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்னண்ணே, இந்தப் பேய்க்குப் போயா நடுங்குறீங்க?" என்றார் டிரைவர்.

"தலைவலிப்பா. நிறுத்திடலாமே?"

"முடியப்போகுதுண்ணே."

பேய் கிணற்றில் குதித்தது. டெய்லர் ரிமோட்டுக்குப் பாய்ந்தார். டிரைவர் முந்திக்கொண்டு அதை எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

பெயர்கள் வரிசையாக மேலேறின. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார்.

"எழுத்து, இயக்கம்..."

அடுத்து வந்தது டெய்லரின் பெயர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். இருபது வருடங்களுக்கு முன்பு தியேட்டரில் கேட்ட அதே கேலிச் சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

கைதட்டல்தான் கேட்டது. கண் திறந்தால், இருவரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"முப்பது தடவை பார்த்தாச்சுண்ணே, எல்லா வசனமும் மனப்பாடம்" என்றார் டிரைவர். "இதை எடுத்தவரைத் தேடித்தான் உங்க கடைக்கே சட்டை தைக்க வந்தோம். கேக்கத்தான் ரெண்டு வருஷமா பயம்!"