துணைக்கு வருபவர்

கண் மருத்துவமனை வரவேற்பில் பதினாறு வருடம் இருந்த பிலோமினாவை, அவள் குரலைப் பதிவுசெய்துகொண்டுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது தனக்கே பார்வை மங்கவும், முன்பதிவுக்கு அழைத்தாள். அவள் குரலே எடுத்தது. பெயர், வயது எல்லாம் கேட்டது.

“சொட்டு மருந்து விட்டா கொஞ்ச நேரம் கண்ணு தெரியாது. துணைக்கு யாரு வர்றாங்க?”

“யாருமில்ல.”

முன்பெல்லாம் இப்படிச் சொல்பவர்களிடம், “நீங்க வாங்க, நான் பாத்துக்கிறேன்” என்பாள். கைபிடித்து ஆட்டோவில் ஏற்றியும் விடுவாள். அதைப் பதிவுசெய்ய யாருக்கும் தோன்றவில்லை.

“துணைக்கு வர்றவங்க பேரைச் சொல்லுங்க,” என்றது குரல் மறுபடியும்.

“பிலோமினா” என்றாள்.

“அவங்க உங்களுக்கு என்ன உறவு?” என்று அவள் குரல் கனிவாகக் கேட்டது.