முதலில் நல்லது

"நீங்க என் பக்கமே பார்த்துட்டு இருந்தீங்க," என்றார் கணக்கு டீச்சர்.

உடை மாற்றும் அறையில் சிரிப்பு வெடித்தது. கண்ணாடிக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணாடி விக்கிறவருக்கே கண்ணு அலையுதுன்னா, நாங்கல்லாம் எங்க போறது?" என்றார் விசில். நீச்சல் போட்டிகளின் தலைமை நடுவரான அவரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"என்னை இல்லைங்க. என் பாதையை," என்று டீச்சர் சிரிக்காமல் திருத்தினார்.

இவர்கள் யாருக்கும் இது பிழைப்பு இல்லை. விடுமுறை நாளில் வந்து, கயிறு கட்டிப் பிரித்த பாதைக்கு ஒருவராகக் குளத்தின் விளிம்பில் நின்று, பிள்ளைகள் சுவரைத் தொட்டுத் திரும்புவது சரிதானா என்று பார்ப்பவர்கள். போட்டி முடிந்ததும் பக்கத்தில் நின்றவரைப் பற்றி முதலில் ஒரு நல்லது, அடுத்து ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கேட்பவர் மறுத்துப் பேசக் கூடாது. நன்றி மட்டும்தான் சொல்லலாம்.

சேர்ந்த நாளிலிருந்து நாலாவது பாதைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி நிற்கும் டீச்சர், நல்லது முதலில், திருத்தம் பிறகு என்ற இந்த முறையை ஒருநாளும் மாற்றியதில்லை.

விசிலின் சிரிப்பு அடங்கியது. "அண்ணே, போன ரெண்டு போட்டியிலயும் உங்க மேல இதே புகார். அடுத்த பாதையைப் பார்த்துட்டு நின்னா உங்க பாதையில நடக்கிற தப்பு எப்படித் தெரியும்? இன்னொரு தடவை வந்தா பேரை எடுத்துடுவேன்னு சொன்னேனா இல்லையா?"

கண்ணாடிக் கடைக்காரர் நன்றி சொல்வதற்குப் பதில் டீச்சர் பக்கம் திரும்பினார். போனால் போகட்டும் என்று விட அவரால் முடியாது. தண்ணீர் ஓரத்தில் காவல் நிற்காத வாரங்களில் அவர் கண்கள் மூடுவதே இல்லை.

"டீச்சர், நீங்க புதுசு," என்றார். "மார்பு நீச்சல்ல ரெண்டு கையும் சேர்ந்து சுவரைத் தொட்டா 'தட்'னு ஒரே சத்தம். முன்னே பின்னே தொட்டா ரெண்டு சத்தம். குனிஞ்சு நிக்கிற நமக்குக் கண்ணு பாதி, காது பாதி."

டீச்சர் தலையாட்டினார்.

"மூணு வருஷம் முன்னால நாலாவது பாதைக்கு நிக்க ஆள் வரலை. நான் அஞ்சாவதுல நின்னேன். என் பாதைப் பொடியன் தட்டிட்டுத் திரும்பிட்டான். நாலாவதுல இருந்து சத்தமே வரலை. வராததும் என் காதுல விழுந்துச்சு டீச்சர். ஆனா உன் பாதையை மட்டும் பாருன்னுதானே சொல்லிக் கொடுத்திருக்காங்க? குனிஞ்ச தலை நிமிரலை."

மூழ்குகிறவர்கள் கத்துவார்கள், கையை ஆட்டுவார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். தண்ணீருக்குள்ளேயே மயங்கியவனுக்குக் கத்த மூச்சு ஏது? ஓசையில்லாமல் கீழே போய்விடுவான். எதிர்க்கரையில் இருந்த உயிர்காப்பாளர் பாய்ந்து தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பையனின் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்க இவர்களில் யாருக்கும் முகமில்லை.

"வீட்ல குழாய் சொட்டிட்டே இருந்தா தூங்குவேன். சொட்டு நின்னா தூக்கிவாரிப் போட்டு எழுந்துடுவேன். என் வீட்டுக்காரி இப்பல்லாம் குழாயை இறுக்கி மூடுறதே இல்லை."

வெளியே, ஆளில்லாத குளத்தில் தண்ணீர் சுவரைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது.

விசில் தொண்டையைச் செருமினார். "கஷ்டமாத்தான் இருக்கு அண்ணே. ஆனா ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். டீச்சரும் புகார் சொன்னப்புறம் நான் என்ன பண்றது?"

"நான் எங்க புகார் சொன்னேன்?" என்றார் டீச்சர். "முதல்ல நல்லதைத்தானே சொல்லணும்? அதைத்தான் சொன்னேன். பக்கத்துப் பாதையையும் பார்க்கிறாரு. அவர் பேரை எடுக்காதீங்க."

கண்ணாடிக் கடைக்காரர் மெல்ல நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப நன்றி டீச்சர்... அப்போ, திருத்தம்?"

டீச்சர் ஈரத் துண்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அன்னைக்கு என் பையனையும் இப்படிப் பார்த்திருக்கணும்."