ஐசிங் ரோஜா

"கப் கேக்ல இருக்குற ரோஜா எல்லாம் எங்க ஜாஸ்லின் போட்டதுங்க" என்று, நீடாமங்கலத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் மரியபுஷ்பம் மகளைப் பற்றி அளந்துவிட்டாள். எல்லாம் கும்பகோணத்துக் கடையில் வாங்கியவை. நம்பட்டுமென்று க்ரீம் பிழியும் ஐசிங் பை ஒன்றையும் மேசையில் வைத்திருந்தாள்.

"எங்க, ஒண்ணு போட்டுக் காட்டும்மா" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

ஜாஸ்லின் பையை அழுத்தினாள். கேக்கின் மேல் வறட்டி தட்டியதுபோல் ஒன்று விழுந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

மாப்பிள்ளை ரெமிஜியஸ் எழுந்து வந்து பையை வாங்கினான். கண் இமைப்பதற்குள் இதழ் இதழாக ஒரு ரோஜா மலர்ந்தது.

ஜாஸ்லினின் அப்பா வாயைப் பிளந்தார். "துபாய்ல ஆயில் கம்பெனி இன்ஜினியர்னுல்ல சொன்னாங்க?"

மாப்பிள்ளையின் தாய் காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"பேக்கரிங்க, மாமா" என்று தலையைச் சொறிந்தான் ரெமிஜியஸ்.

ஜாஸ்லின் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குச் சம்மதம்ப்பா!"