அப்பூப்பனின் அடிவயிறு

ஆமையின் முதுகைச் செய்வதில் சுயம்புலிங்க வேளாருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அடிவயிற்றைச் செய்யாமல் இருப்பதற்குத்தான் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

விரல்கள் அவரைக் கேட்காமலே அங்கே போயின. பின்னங்காலை உள்ளிழுத்து மூடும் மடிப்பு, வாலடிச் சுருக்கம், நடுவில் அந்த வெள்ளைப் பரப்பு. விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

தெரிந்திருக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

குளத்து ஆமை ஊருக்கு மல்லாந்து காட்சி கொடுத்ததில்லை. அதன் வயிற்றைப் பார்த்தவன் என்றால், புரட்டிப் போட்டவனாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே வேளார் பலகையால் தட்டி, அடியை மொழுமொழுவென்று கூரை ஓடு மாதிரி ஆக்கிவைத்தார்.

ஊர் அதை அப்பூப்பன், அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிட்டது. திருவிதாங்கூரின் அத்தனை ராஜாக்களையும் கண்ட ஆமை என்பார்கள். கோவில் குளத்துப் படியில் அது வெயில் காய்ந்தால் பெண்கள் குளிக்காமல் காத்து நிற்பார்கள். ஒரு தடவை அது பாதையில் வந்து படுத்துவிட, கல்யாண ஊர்வலமே மேளத்தை நிறுத்தி நின்றது. அப்பூப்பன் எழுந்து போவதற்குள் முகூர்த்தம் தப்பி, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருந்தார்கள்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான வருஷம் இடவப்பாதி பெய்தது பாருங்கள், அது தவளையே குடை கேட்ட மழை. மழை விட்டபோது அப்பூப்பனைக் காணோம்.

அதோடு குளமும் கெட்டது. செத்த மீனைத் தின்ன ஆளில்லை. பாசி மூடி நாறியது. அங்கே பிறந்த கொசுக்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கிப் போனதாகக் களியக்காவிளை வரைக்கும் பேச்சு.

ஊர் கூடியது. அப்பூப்பனை அந்தக் குளத்து மண்ணிலேயே செய்து, சுட்டு, படித்துறையில் இருத்துவது என்று முடிவாயிற்று. யாரோ கொன்றுதான் இருக்க வேண்டும், கொன்றவன் யாரென்று தெரிந்தால் அவன் குடும்பம் பிறகு குளத்தில் இறங்கக் கூடாது என்றும் முடிவாயிற்று.

மற்றவர்களுக்கு அது குளியல். வேளாருக்கு அந்த மண் இல்லையென்றால் சக்கரம் இல்லை, சூளை இல்லை, சோறு இல்லை.

பாவம், அவருக்கு மூலநோய். சக்கரத்தின் முன்னால் குந்தியே தேய்ந்த ஆயுசு. குளத்து ஆமைக்கறி, மிளகு தூக்கலாக, என்று கருங்கல் ஊர் வைத்தியர் காதோடு காதாகச் சொன்னார். மழையில் ஆளரவமில்லாத மத்தியானம் வேளார் படியில் நின்றபோது, அப்பூப்பன் தானாகவே நீந்தி வந்தது. பொரி போடுவார் என்று நம்பி வந்தது.

மூலம் போகவில்லை. தூக்கம் போய்விட்டது. ஓடு சூளைக்குப் பின்னால் சாம்பல் மேட்டில் கிடக்கிறது.

மறுநாள் சூளை ஏற்ற வேண்டும். அதற்குள் கோவில் காரியக்காரர் நாராயணபெருமாள் ஆமையைப் பார்க்க வந்துவிட்டார். கருங்கல் சந்தையில் பெரிய பலசரக்குக் கடை அவருக்கு. கடை திறந்து அடைக்கும்வரை கல்லாவை விட்டு எழுந்திராத மனிதர்.

வேளாரின் மனைவி நாகம்மை பலகையைத் தட்டிப் போட்டாள். "இரியும் மொதலாளி."

"வேண்டாம் மக்களே. நிக்கதுதான் சொகம்."

ஆமையைச் சுற்றி வந்தார். ஈரம் காயாத கழுத்துச் சுருக்கத்தை ஒற்றை விரலால் தொட்டார். கண் கலங்கியது. பிறகு என்ன தோன்றியதோ, மெல்லப் புரட்டினார்.

"என்னவே வேளாரே, அடியில ஒண்ணுமே இல்ல?"

"அடியை ஆரு மொதலாளி பாக்கப் போறா?"

"ஆரும் பாக்காண்டாம். சாமி காரியமாக்கும், உள்ளது உள்ளபடி இருக்கணும். எடது பின்னங்காலுக்குப் பக்கத்துல பிறை கணக்கா ஒரு தழும்பு உண்டும். அதைப் போடும்."

வேளாரின் கண் சூளைக்குப் பின்னால் ஓடியது. சாம்பல் மேட்டைக் கிளறிவிட்டார்களா?

தழும்பா?

அவர் புரட்டிய வயிற்றில் தழும்பு கிடையாது. ஒரு கீறல் கூட இல்லாத வெள்ளை. கண்ணை மூடினால் தெரிவது அதுதானே.

மெதுவாக நிமிர்ந்தார். நாராயணபெருமாளின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. வாயிலிருந்து விழுந்தது என்ன என்று அவருக்கும் அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். உட்காரவில்லை.

அதே மூலம். அதே வைத்தியர். அதே மழை.

தப்பித்தோம் என்று வேளாரின் மனசு ஒரு துள்ளு துள்ளியது. துள்ளியது அப்படியே கீழே விழுந்தது.

அப்படியானால் குளத்தில் இரண்டு இருந்திருக்கின்றன. ஒன்று படியில் வெயில் காயும்போது மற்றது தண்ணீருக்குள் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனை ராஜா காலமும்.

மூங்கில் சீவலை எடுத்து, காட்டிய இடத்தில் பிறையைக் கீறினார். பிறகு மூலையிலிருந்து குளத்து மண்ணைக் கூடை கூடையாக அள்ளி முற்றத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

"இது எதுக்குவே?"

"இன்னொண்ணு செய்யணும் மொதலாளி."

"ஊருக்கு ஒரு அப்பூப்பன்தானே இருந்துது?" என்றாள் நாகம்மை.

நாராயணபெருமாள் செருப்பைக் கழற்றினார். வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, மண்ணை மிதிக்க இறங்கினார்.